பாட்டு யாருக்கு நினைவிருக்கிறது?

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். ‘நினைவில் நிலைப்பது கேட்டுக் கற்றதா, செய்து கற்றதா?’ செய்து கற்றதே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆச்சிமார், கேள்வி ஞானத்தாலேயே எத்தனையோ தாலாட்டுகளை மனத்தில் வைத்திருந்தார்கள் என்றார் எதிரணித் தலைவர். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், அது எங்கள் அணிக்கான சாட்சியாயிற்றே! தாலாட்டைக் கேட்டது யார் ஐயா? தொட்டிலில் கிடந்த பிள்ளை. அது தூங்கிவிட்டது! ஆட்டிக்கொண்டே பாடிய ஆச்சிக்குத்தான் பாட்டு நினைவில் நின்றது.

இது கணக்குக் கேட்கும் ஊர். கணக்குக்கே வருகிறேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவரில் ஒரு குழு, கொடுத்த பாடத்தை நான்கு சுற்றுப் படித்தது. மற்றொரு குழு ஒரு சுற்றுதான் படித்தது. அடுத்த மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது, படித்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. திரும்பத் திரும்பப் படிப்பதும் கேட்பதைப் போல வாங்கிக்கொள்வதுதான்; நினைவிலிருந்து எழுதுவதே செய்வது. அந்த ஐந்து நிமிட வெற்றியை எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

கை அசைந்தாலே போதும் என்று சொல்லவில்லை. கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதும் பிள்ளையின் கையும் ஓடத்தான் செய்கிறது. மனம் தேடி எடுக்க வேண்டும். தவறினால் தவறு உடனே கண்ணில் பட வேண்டும்.

பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறக் குழம்பை ஊற்றுகிறார்கள். குழம்பு நீர்த்திருந்தால், அச்சைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘அளவாக ஊற்று’ என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த அளவு காதுக்குள் ஏறாது. ஒரு கல்லைக் கெடுத்தவனுக்குத்தான் அது பிடிபடும்.

பர்மாவுக்குக் கப்பலேறிய நம் பிள்ளைகள் மட்டும் என்ன, வட்டிக் கணக்கைச் சொற்பொழிவு கேட்டா கற்றார்கள்? வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பேரேட்டில் வரவும் பற்றும் எழுதி, கணக்கு நேராகாத இரவில் தூக்கம் கெட்டுத் தேடிக் கற்றார்கள்.

மணி அடித்துவிட்டது. நடுவரிடம் ஒரே வேண்டுகோள். எதிரணித் தலைவர் துண்டுச்சீட்டுக்கூட இல்லாமல் அழகாகப் பேசினார். அந்த உரையை வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாரா, தாமே பேசிப் பேசிப் பார்த்தாரா என்று விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.