யார் சொல்லி உங்களுக்குத் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பேச எனக்கு ஒரு கேள்வியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். உலகத்தையே உலுக்கிய ஒரு துயரச் செய்தி வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இதைக் கேட்டதுமே உங்களுக்குள் ஏதோ ஒரு அறை, ஒரு வாசல், ஒரு முகம் வந்து நின்றிருக்கும். எனக்கு வருவது ஒரு சட்டை. வெளிர் நீலச் சட்டை, இடது கைப்பக்கம் இஸ்திரிப் பெட்டியின் முனை வடிவத்தில் பழுப்பாக ஒரு கறை.

2001 செப்டம்பர் 11. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா "டேய், ஓடி வாடா" என்று கூப்பிடுகிறாள், நான் போட்டது போட்டபடி ஓடுகிறேன், அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு டிவி முன்னால் நிற்கிறாள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது விமானம் வந்து கோபுரத்தில் மோதுகிறது. பின்னாலிருந்து துணி கருகும் வாசம். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு வார்த்தை மாறாமல் சொல்வேன். அந்த வாசம் இப்போதுகூட மூக்கில் வரும்.

சரி, இதை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருகிறேன்.

இந்த வகை நினைவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, பிளாஷ்பல்ப் நினைவு. பழைய கேமராக்களில் ஒரே ஒரு தடவை எரிந்து அணையும் பல்பு இருக்கும். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அந்த நொடியில் அறையில் என்னென்ன இருந்ததோ எல்லாம் பதிவாகிவிடும், மூலையில் கிடந்த செருப்பு உட்பட. ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1977-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று அவர்கள் 80 பேரிடம் கேட்டார்கள், 40 பேர் வெள்ளையர், 40 பேர் கறுப்பினத்தவர். சம்பவம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும் ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் செய்தி கேட்ட அந்த நொடியை நினைவிலிருந்து சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வி. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது? கறுப்பினத்தவர் 40 பேரில் 30 பேருக்கு அப்படியே நினைவிருந்தது. வெள்ளையரில் 13 பேருக்குத்தான். ஒரே நாடு, ஒரே செய்தி, ஒரே நாள். யாருடைய மரணம் யாருக்கு இடியாக இறங்கியது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. உலகச் செய்தி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அது எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இவர்களுக்கும் முன்னாலேயே ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். அமெரிக்க அதிபர் லிங்கன், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஏப்ரலில் சுடப்பட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, கோல்குரோவ் என்ற ஆய்வாளர் நடுவயதும் முதுமையுமாக 179 பேரைப் பிடித்து, அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று விசாரித்து, 1899-இல் அச்சிட்டார். 127 பேர் விவரமாகச் சொன்னார்கள். அதில் 79 வயதான ஒருவரின் பதில்தான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. வாசலருகே ஒரு ரோஜாச் செடி நட்டுக்கொண்டிருந்தேன், கணவர் முற்றத்துக்குள் வந்து சொன்னார், காலை பதினோரு மணி இருக்கும். அவ்வளவுதான். லிங்கனைப் பற்றி ஒரு சொல் இல்லை, போரைப் பற்றி இல்லை. ஒரு செடி, அதை நட்ட ஒரு கை, உள்ளே வந்து சொன்ன ஒருவர்.

ஆனால் அது உண்மையிலேயே ரோஜாச் செடிதானா, அன்றைக்குத்தான் நட்டாரா என்று யாரும் சரிபார்க்க முடியாது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் வெடித்துச் சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள், அதில் கிறிஸ்டா மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை என்பதால் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்து அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைஸர் என்ற பேராசிரியர் 106 மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, செய்தி உங்களுக்கு எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றார். இரண்டரை வருஷம் கழித்து, அவர்களில் 44 பேரைத் திரும்பப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழுக்க ஒத்துப்போனது மூன்றே பேருக்கு. கால்வாசிப் பேர் இடம், ஆள், நேரம் எல்லாவற்றையும் தவறாகச் சொன்னார்கள், அதையும் தயக்கமே இல்லாமல் சொன்னார்கள்.

அதில் ஒரு மாணவி மறுநாள் எழுதியது இது: சமய வகுப்பில் இருந்தேன், சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டார்கள், வகுப்பு முடிந்த பிறகு அறைக்குப் போய் டிவியில் பார்த்தேன். இரண்டரை வருஷம் கழித்து அவரே சொன்னது: விடுதி அறையில் தோழியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், இடையில் அவசரச் செய்தியாக வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. வகுப்பறை மங்கிவிட்டது, டிவி மட்டும் தங்கிவிட்டது, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் புகைக் கோடுகளை அவர் பார்த்ததெல்லாம் டிவியில்தான். பழைய கையெழுத்தைக் காட்டியபோது சிலர், இது என் எழுத்துதான், ஆனால் அப்படி நடக்கவில்லை என்றே வாதாடினார்களாம். எனக்கு இதைப் படித்தபோது அவர்கள் மேல் பாவமாகத்தான் இருந்தது. தன் கையெழுத்தைவிடத் தன் நினைவை நம்புவது மனிதருக்கு அவ்வளவு இயல்பு.

இதில் பெரியவர், சின்னவர் பேதமும் இல்லை. செப்டம்பர் 11 காலையில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார், அவருடைய உதவியாளர் குனிந்து காதில் ஏதோ சொல்கிறார், அந்தப் படத்தை உலகமே பார்த்திருக்கிறது. ஒரு மனிதருக்குச் செய்தி வந்து சேரும் நொடி இவ்வளவு தெளிவாகப் பதிவானது அபூர்வம். அவரே சில மாதங்களில், வகுப்பறைக்குள் போகுமுன் முதல் விமானம் மோதியதை டிவியில் பார்த்தேன் என்று மேடையில் சொன்னார். அது நடந்திருக்க வழியில்லை, முதல் விமானம் மோதிய காட்சி அந்த நேரத்தில் எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை. இதை வைத்துப் பெரிய சதிக்கதைகளையெல்லாம் கட்டினார்கள். மனித நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது என்பதுதான் அதற்கு நேரான விளக்கம் என்று நான் நினைக்கிறேன்.

அதே தாக்குதலுக்கு மறுநாள், டியூக் பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களிடம் செய்தி கேட்ட நொடியையும் கேட்டார்கள், அதற்குச் சில நாள் முன்பு நடந்த ஒரு சாதாரண விஷயத்தையும் கேட்டார்கள். பிறகு சில வாரம், சில மாதம் கழித்துத் திரும்பக் கேட்டபோது, இரண்டு நினைவும் ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தன. வித்தியாசம் ஒன்றுதான். சாதாரண நினைவு மங்க மங்க, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்தது. அதிர்ச்சிச் செய்தியின் நினைவு மேல் மட்டும் நம்பிக்கை குறையவே இல்லை.

அப்புறம், ஒரு விஷயத்தை நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. கேட்டதுமே இலட்சக்கணக்கில் போய்விட்டார்கள் என்று தெரிந்தது என்பார்கள் பலர். அப்படித் தெரிந்திருக்க முடியாது. காலையில் வந்த முதல் செய்தியில் எண் சின்னதாக இருந்தது, மணிக்கு மணி ஏறியது, நாள்கணக்கில் ஏறியது, கடைசியில் பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்று ஆனது. அந்தக் கடைசி எண்ணை நாம் முதல் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பெருந்தொற்று அதற்கும் ஒரு படி மேலே. 2020 மார்ச் 11-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? இத்தனை உயிரைக் கொண்டுபோன துயரத்துக்கு அந்த ஒரு பளிச் இல்லை, ஏனென்றால் அது ஓடி வரவில்லை, மெல்ல ஊர்ந்து வந்தது.

இப்போது என் சட்டைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் அக்காவிடம் இந்தக் கதையை வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் நிறுத்தி, "அன்னைக்கு அம்மா எங்கிட்டதான்டா இருந்தா" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, குரலையே உயர்த்திவிட்டேன், அதற்காக இன்னும் வருத்தம் இருக்கிறது. அவள் எழுந்துபோய் ஆல்பத்தை எடுத்து வந்தாள். பிறந்து மூன்று வாரமான அவள் மகனை அம்மா மடியில் வைத்திருக்கும் படங்கள், ஓரத்தில் கேமராவே அச்சடித்த தேதியோடு. 9ஆம் தேதி இருக்கிறது. 12ஆம் தேதி இருக்கிறது. அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு ராத்திரிப் பயணம்.

அப்படியானால் என்னைக் கூப்பிட்டது யார்? போன். அம்மா அக்கா வீட்டிலிருந்து போன் செய்து, "டிவியைப் போடுடா, சீக்கிரம் போடு" என்றிருக்கிறாள். போன் பக்கத்து அறையில்தான் இருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு அதற்குத்தான் ஓடியிருக்கிறேன். முதல் விமானத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 17 நிமிஷம்தான், எனவே அம்மா பார்த்துப் பதறிப் போன் செய்து நான் டிவியைப் போடுவதற்குள் இரண்டாவதும் மோதி முடிந்திருக்கும், நான் பார்த்தது திரும்பத் திரும்பப் போட்ட காட்சியாகத்தான் இருக்கும். வாயில் கை வைத்த அம்மா? வேறு ஏதோ ஒரு நாளின் அம்மாவை என் மனசு அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்றால், அவள் அதற்கு முன்பே போய்விட்டாள்.

முதலில் ஏதோ திருட்டுப் போனது போல இருந்தது. அப்புறம் யோசிக்க யோசிக்க, இடம் தவறு, காட்சி தவறு, குரல் மட்டும் சரி. எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னது அம்மாதான். அது மாறவில்லை. பிரவுனும் குலிக்கும் மக்கள் சொன்ன கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை என்று சிலவற்றைக் குறித்தார்கள், அதில் ஒன்று செய்தியைச் சொன்னவர். செடி நட்டவருக்குக் கணவர், புஷ்ஷுக்கு உதவியாளர், எனக்கு அம்மா. அதனால் என்னைக் கேட்டால் எங்கே இருந்தீர்கள் என்பதைவிட, யார் சொல்லித் தெரியும் என்றுதான் கேட்க வேண்டும். கவலையாக இருப்பதும் அங்கேதான். இப்போது நமக்குச் செய்தி சொல்வது கையில் இருக்கும் போன். அது ஒரு தடவை அதிர்கிறது, குனிந்து பார்க்கிறோம், தெரிந்துவிடுகிறது. சொல்ல வந்தவரின் முகம் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே ஒருவரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. அன்று ராத்திரியே நாலு வரி எழுதித் தேதியும் போட்டு வையுங்கள்.

அன்றைக்கு ஆல்பத்தை மூடும்போது அக்கா இன்னொன்றையும் சொன்னாள். அம்மா அன்று என் நம்பரை மூன்று தடவை சுற்ற வேண்டியிருந்ததாம். முதல் இரண்டு தடவையும் கை நடுங்கி வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த முன்பின் தெரியாதவர்களிடமும் அம்மா, "டிவியைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாளாம்.