ஆட்டம் நின்றது, சம்பள நாள் நிற்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கணக்கர். இங்கிலாந்தில் மேற்கு யார்க்‌ஷயர் பக்கம் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சின்னச் சின்ன நிறுவனங்களின் வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கொரோனா காலத்தில் ரக்பி லீக் கிளப்புகள் எப்படித் தப்பிப் பிழைத்தன என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். உடனே சரி என்றேன். அந்தக் கதையில் ஒரு பகுதியை என் அடுத்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் நான். அந்தச் சமையலறைக்குப் பிறகு வருகிறேன்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு. பதினைந்து பேர் ஆடுவது யூனியன். பதின்மூன்று பேர் ஆடுவது லீக். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு லீக் சட்டென்று பிடிபட்டுவிடும். பந்தோடு ஓடி வருகிறவனை மடக்கி விழத்தட்டுவார்கள். அவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட, அடுத்தவன் எடுத்து ஓடுவான். ஆறாவது தடவையும் மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அவ்வளவுதான் ஆட்டம். யார்க்‌ஷயர், லங்காஷயர், கம்ப்ரியா என்று வட இங்கிலாந்துதான் இதற்குத் தாய்வீடு. ஆஸ்திரேலியாவில் இது இன்னும் பெரிய ஆட்டம்.

இந்த ஆட்டம் பிறந்ததே கூலித் தகராறில்தான். அந்தக் காலத்தில் வடக்கே ரக்பி ஆடியவர்களில் நிறையப் பேர் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. போன கூலியைக் கிளப் ஈடுகட்டலாம் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கூடாது என்று ரக்பியின் தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தில் ஜார்ஜ் ஹோட்டலில் அந்தக் கிளப்புகள் கூடி, தனியாகப் பிரிந்தன. வேலையை விட்டு ஆட வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். அந்த ஆறு ஷில்லிங்கில்தான் ரக்பி லீக்கின் கணக்குப் புத்தகம் திறக்கிறது.

இப்போது 2020க்கு வருவோம். ஒரு கிளப்பின் கையில் எப்போது பணம் வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

சூப்பர் லீக் என்பது இங்கிலாந்தின் உச்ச நிலைப் போட்டி. 1996இலிருந்து அது கோடைக்கால ஆட்டம். இலையுதிர் காலத்தில் இறுதி ஆட்டம் முடிந்தால், அடுத்த ஆண்டு ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி வரை மைதானத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. டிக்கெட் வசூல் இல்லை, பீர் விற்பனை இல்லை, விருந்தினர் அறைகளில் சாப்பாட்டு விற்பனை இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. பயிற்சியாளர், மருத்துவ உதவியாளர், புல் பராமரிப்பவர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லோருக்கும் உண்டு. இந்த மாதங்களைக் கிளப் எதை வைத்து ஓட்டுகிறது? சீசன் டிக்கெட் பணத்தை வைத்து. அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கான டிக்கெட்டை முன்கூட்டியே விற்று, அந்த முன்பணத்தில் குளிர்காலச் சம்பளத்தைக் கொடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சிப் பங்கு வருகிறது என்றாலும் அது பெரும்பாலும் ஆட்டக்காரர் சம்பளத்துக்கே சரியாகிவிடும். மிச்சம் விழுகிற துண்டை முதலாளி தன் சொந்தப் பணத்தைப் போட்டு அடைப்பார். வெளியில் பார்த்தால் பெரிய மைதானம், பளபளப்பான சட்டை. கணக்கைத் திறந்து பார்த்தால் அன்றாடங்காய்ச்சிக் குடும்பம்.

2020 சீசன் ஜனவரி 30ஆம் தேதி தொடங்கியது. மார்ச் 16ஆம் தேதி நிறுத்தினார்கள். ஆறேழு வாரம்! டிக்கெட் முன்பணம் குளிர்காலத்திலேயே கரைந்துவிட்டது. ஆட்ட நாளில் மைதான வாசலில் வருகிற டிக்கெட் வசூல் இனிமேல்தான் வரவேண்டும். ஈஸ்டர் வாரத்து ஆட்டங்கள்தான் பல கிளப்புகளுக்கு நல்ல கூட்டம் சேர்க்கிற ஆட்டங்கள். அவை கண்ணுக்கெதிரே போயின. விதைத்து, உரம் போட்டு, கதிர் வாங்குகிற நேரத்தில் வெள்ளம் வந்தால் ஒரு விவசாயிக்கு எப்படி இருக்குமோ அப்படி.

இந்த இடத்தில்தான் அந்தச் சமையலறை. என் அடுத்த வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் மனைவிக்கும் பேரப்பிள்ளைக்குமாக மூன்று சீசன் டிக்கெட். அந்த வசந்தத்தில் கிளப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த பிறகு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து அதைப் படித்தோம். ஆடாத ஆட்டங்களுக்கான பணத்தை என்ன செய்யலாம்? மூன்று கட்டம். பணம் கிளப்பிடமே இருக்கட்டும். அடுத்த ஆண்டு டிக்கெட்டில் கழித்துக்கொள்ளட்டும். திருப்பிக் கொடுத்துவிடட்டும். அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடாமல் முதல் கட்டத்தில் டிக் அடித்தார். "பிள்ளையுடையதையுமா?" என்று மனைவி கேட்டார். பேரனுடைய டிக்கெட் மகள் வாங்கிக் கொடுத்தது. மகளுக்கு அப்போது கடையில் வேலை நின்றுபோயிருந்தது. கடைசியில் பெரியவர்கள் இருவருடையது கிளப்புக்கு, பேரனுடையது அடுத்த ஆண்டுக்கு என்று முடிவாயிற்று. அந்த இரண்டு டிக்கெட்டின் பணம் ஓர் ஆட்டக்காரரின் ஒரு வாரச் சம்பளத்துக்குக்கூட வராது. ஆனாலும் வட இங்கிலாந்து முழுக்க இந்த மாதிரி ஆயிரக்கணக்கான சமையலறைகள் இருந்தன. எல்லோரும் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தால், ஏப்ரல் மாதமே சில கிளப்புகள் கடையை மூடியிருக்கும். இதை நான் ஒரு கணக்கராக நிச்சயமாகச் சொல்வேன்.

இன்னொரு பக்கம் அரசாங்கம். மார்ச் 20ஆம் தேதி ஃபர்லோ திட்டத்தை அறிவித்தார்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறவரின் சம்பளத்தில் 80 சதவீதம், மாதத்துக்கு 2,500 பவுண்டு வரை, அரசு கொடுக்கும். கிளப்புகள் ஆட்டக்காரர்களையும் ஊழியர்களையும் இந்தத் திட்டத்தில் சேர்த்தன. கூடவே பல அணிகளில் ஆட்டக்காரர்கள் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். லீக் ஆட்டக்காரர்களை நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் கால்பந்து கோடீஸ்வரர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது. 2020இல் சூப்பர் லீக்கில் ஒரு அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பே சுமார் 21 லட்சம் பவுண்டுதான். அதில் இருபத்தைந்து பேர் பங்கு போட வேண்டும். வீட்டுக்கடன் கட்டுகிற, பிள்ளை வளர்க்கிற சாதாரணக் குடும்பஸ்தர்கள் இவர்கள்.

மே 1ஆம் தேதி, ரக்பி லீக்குக்கு என்றே 1 கோடியே 60 லட்சம் பவுண்டு அவசரக் கடனை பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் குளிர்கால விளையாட்டு உதவித் திட்டத்தில் இன்னும் 1 கோடியே 20 லட்சம் ஒதுக்கினார்கள். பத்திரிகைகள் இதை மீட்புப் பணம் என்று எழுதின. மீட்டது உண்மை. ஆனால் இது மானியம் அல்ல, வாங்கிய கிளப் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வருமானம் இல்லாத மாதங்களுக்காகக் கடன் வாங்கினால், வருமானம் வருகிற மாதங்களிலிருந்து எடுத்துத்தான் கட்ட வேண்டும். அந்த வருமானமோ ஏறவில்லை. 2022 முதல் நடைமுறைக்கு வந்த தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் தொகை முந்தையதைவிடக் கணிசமாகக் குறைவு. கடன் தவணை ஏறும்போது வரவு இறங்கினால் என்ன ஆகும் என்று எந்தக் குடும்பத் தலைவியிடம் கேட்டாலும் சொல்வார்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி ஆட்டம் மறுபடி தொடங்கியது. லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்தில், ரசிகர்கள் இல்லாமல், ஒரே நாளில் இரண்டு ஆட்டம். நான்கு கிளப்புகளுக்கு ஒரு மைதானம் என்றால் நான்கு கிளப்புக்கும் செலவு மிச்சம். உடம்போடு உடம்பு முட்டுகிற நேரத்தைக் குறைக்க இரண்டு அணிக்காரர்களும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம் என்கிற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் லீட்ஸ் 27க்கு 26 என்று ஹடர்ஸ்ஃபீல்டை வென்றது, கூடுதல் நேரத்தில். அப்படி ஓர் ஆட்டத்துக்கு அந்த மைதானம் அதிர்ந்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் எங்களுக்குக் கேட்டது பதிவு செய்து ஓட்டிய கூச்சல்.

அந்த ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கிளப் விழுந்துவிட்டது. டொரோண்டோ வுல்ஃப்பேக். கனடாவிலிருந்து வந்து, கீழ்ப் படியிலிருந்து ஏறி, 2020இல் முதல் முறையாக சூப்பர் லீக்கில் நுழைந்த அணி. சோனி பில் வில்லியம்ஸ் என்ற நியூசிலாந்து நட்சத்திரத்தைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். மற்றக் கிளப்புகளுக்குக் கிடைக்கிற தொலைக்காட்சிப் பங்கு அந்த அணிக்குக் கிடையாது. அந்த நிபந்தனையில்தான் சேர்த்திருந்தார்கள். டொரோண்டோவில் குளிர்காலப் பனி விலகும் வரை சொந்த மைதானத்தில் ஆட முடியாது. ஆகவே ஆட்டம் நின்ற மார்ச் 16 வரை சொந்த ஊரில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை; டிக்கெட் வசூல் பூஜ்யம். எல்லாப் பாரமும் ஒரே உரிமையாளர் தலையில். அவருடைய பணம் நின்றதும் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. ஜூலை 20ஆம் தேதி அணி விலகியது. நவம்பரில் புதிய உரிமையாளரோடு திரும்பி வரக் கேட்டபோது மற்றக் கிளப்புகள் வாக்கெடுத்து மறுத்துவிட்டன. அது சரியா தவறா என்று இன்றும் வாதம் உண்டு. என் மனதில் நிற்பது அந்த ஆட்டக்காரர்கள்தான். வீட்டை விட்டு, ஒப்பந்தத்தை நம்பி வந்தவர்கள், மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் நின்றார்கள். ஆறு ஷில்லிங்குக்காகத் தனியாகப் பிரிந்த ஆட்டத்தில் இது நடந்திருக்கக் கூடாது.

சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள இரண்டு பிரிவுகளில் 2020 சீசனையே ரத்து செய்தார்கள். அங்கே பெரும்பாலும் பகலில் குழாய் வேலையோ பள்ளி வேலையோ பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு ஆட்டமே இல்லை என்றால் கூலியும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் வழி வேறு. அங்கே தேசிய ரக்பி லீக்கின் முதுகெலும்பு தொலைக்காட்சிப் பணம். ஆட்டம் திரையில் ஓடினால் பணம் வரும், மைதானம் காலியாக இருந்தாலும் சரி. மார்ச் 23ஆம் தேதி நிறுத்தினார்கள். ஆணையத் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் பிடித்த பிடியில் மே 28ஆம் தேதியே மறுபடி தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தைவிட இரண்டு மாதம் முந்தி. அவசரம் என்று திட்டியவர்கள் நிறைய. அதற்கு விலை கொடுத்தது நியூசிலாந்து வாரியர்ஸ் அணி. எல்லை மூடியிருந்ததால் மே மாதத் தொடக்கத்திலேயே வீடு வாசலை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து, டாம்வொர்த் என்ற ஊரில் பதினான்கு நாள் தனிமையில் இருந்து, பிறகு கடலோரத்தில் முகாம் போட்டார்கள். ஒரு சீசன் என்று போனது இரண்டைத் தாண்டியது. ஆக்லாந்தில் சொந்த மைதானத்தில் அவர்கள் மறுபடி ஆடியது 2022 ஜூலை 3ஆம் தேதி. அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. லீக்கின் மொத்த வருமானமும் நிற்காமல் ஓடியதில் அந்த அணியின் மனைவி மக்கள் பட்ட பிரிவுக்கு ஒரு பங்கு உண்டு. எந்த வரவு செலவுப் பட்டியலிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

திரும்ப யார்க்‌ஷயருக்கு வருகிறேன். கொரோனாவுக்கு எட்டு ஆண்டு முன்பு பிராட்ஃபர்ட் புல்ஸ் கிளப்பில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1997, 2001, 2003, 2005 என்று நான்கு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற கிளப் அது. 2012 ஜனவரியில் தன் ஓட்சல் மைதானத்தின் குத்தகை உரிமையை, இந்த ஆட்டத்தை நிர்வகிக்கிற தலைமை அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீக்குக்கே விற்றது. விதை நெல்லைக் குத்தித் தின்கிற வேலை. மார்ச் கடைசியில், பத்து லட்சம் பவுண்டு வேண்டும், அதில் பாதி பத்தே நாளில் வேண்டும் என்று ரசிகர்களிடம் கையேந்தியது. ஐந்து லட்சமும் சேர்ந்தது! பிற ஊர் ரசிகர்கள்கூடக் கொடுத்தார்கள். ஜூன் மாதமே கிளப் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பிறகும் தட்டுத்தடுமாறி ஓடி, 2017 ஜனவரியில் கிளப்பை அப்போது நடத்திய நிறுவனத்தையே கலைத்தார்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்கும்?

எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம். 2020இல் கிளப்புகளுக்கு உள்ளே வந்த பணத்தில், திருப்பிக் கேட்காமல் மனசாரக் கொடுத்தது ரசிகன். ஆகவே கணக்கைக் கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு. ஓரளவு கதவும் திறந்தே இருக்கிறது. பிரிட்டனில் பதிவான எந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கையும், நிறுவனங்களைப் பதிவு செய்கிற அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் சிறிய நிறுவனம் என்ற சலுகையில் லாப நட்டக் கணக்கை வெளியில் காட்டாமல், சொத்து கடன் பட்டியலை மட்டும் கொடுத்துவிட முடியும். ரசிகனின் காசை நம்பி ஓடுகிற கிளப்புகளுக்கு அந்தச் சலுகை கூடாது என்பது என் கருத்து.

என் அடுத்த வீட்டுக்காரருக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முழுப் பட்டியலும் புரியாவிட்டால் போகிறது, "ஓராண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். பக்கத்திலேயே சென்ற ஆண்டின் தொகை இருக்கும். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? பிறகு வங்கியில் எவ்வளவு கையிருப்பு என்று பாருங்கள். அவர் இப்போது ஒவ்வோர் ஆண்டும் அந்த இரண்டு எண்ணையும் சமையலறை நாட்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். இந்த ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது என்று நேற்றுக் கதவைத் தட்டிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வந்ததும் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.