ராக் உண்டாகக்கடவது

அவையோருக்கு வணக்கம்.

'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்று பைபிளில் வாசித்திருப்பீர்கள். அதே தோரணையில் 'ராக் உண்டாகக்கடவது' என்று ஒரு சிருஷ்டிப் படலமே பாடியது ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி ராக் இசைக்குழு. 1977இல் வந்த 'லெட் தேர் பி ராக்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் அது. சிருஷ்டி 1955இல் தொடங்கியதாகப் பாட்டு சொல்கிறது. குழுவின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங் கிளாஸ்கோவில் பிறந்ததும் அதே ஆண்டுதான்!

சிட்னியின் ஆல்பர்ட் ஸ்டூடியோவில் பதிவு. தயாரிப்பாளர் இருவரில் ஒருவர் ஜார்ஜ் யங். குழுவில் கிதார் வாசித்த மால்கமுக்கும் ஆங்கஸுக்கும் அண்ணன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆங்கஸின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை கிளம்பிவிட்டது. ஜார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, 'நிறுத்தாதே, வாசி' என்று சைகை காட்டினாராம். ஆங்கஸே சொன்ன கதை இது.

சரணங்களைக் கவனித்துக் கேளுங்கள். குழுவின் பாடகர் பான் ஸ்காட் பாடத் தொடங்கியதும் கிதார்கள் இரண்டும் ஒதுங்கிவிடுகின்றன. டிரம்ஸும், அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிதாரும் மட்டும் ஓட, அதன்மேல் அவர் பிரசங்கம் செய்கிறார். சரணம் முடிந்ததும் இரண்டு கிதார்களும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. அந்த மௌனம் இல்லையென்றால் இந்த இடி இல்லை.

மேடையில் இந்தப் பாட்டு வளர்ந்துகொண்டே போயிற்று. 1979 டிசம்பர் 9 அன்று பாரிஸில் படமாக்கிய கச்சேரியில் பான் ஸ்காட் இதைப் பாடுவதைப் பார்க்கலாம். 1980 பிப்ரவரி 19 அன்று அவர் லண்டனில் இறந்துபோனார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. என்னால் அந்தப் படத்தைச் சலனமில்லாமல் பார்க்க முடிவதில்லை.

பிறகு பிரையன் ஜான்சன் பாடினார். 2009இல் பியூனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் ஆறு நிமிடப் பாட்டு பதினைந்து நிமிடத்தைத் தாண்டியது. ஆங்கஸ் கூட்டத்தின் நடுவரை ஓடுகிறார், உயரும் மேடையில் ஏறுகிறார், தரையில் விழுந்து சுற்றிச் சுழன்றபடி வாசிக்கிறார். எல்லார் கண்ணும் அவர்மேல்.

என் கண் மால்கமைத்தான் தேடும். டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஆரவாரம் ஏதுமில்லாமல் நிற்பார். தம்பி எவ்வளவு தூரம் ஓடினாலும் திரும்பி வந்து சேர அங்கே ஒரு தாளம் காத்திருக்கும். தம்பியின் சுதந்திரம் அண்ணன் கையில் இருந்தது என்பேன்.

மறதி நோயால் 2014இல் மால்கம் விலகினார். 2017 நவம்பர் 18 அன்று மறைந்தார். அவர் இடத்தில் இப்போது இன்னொரு அண்ணன் மகன் ஸ்டீவி யங் நிற்கிறார்.

ரிவர் பிளேட் பதிவை இப்போது போடப் போகிறேன். ஆங்கஸ் ஓடும்போது, தயவுசெய்து டிரம்ஸுக்குப் பக்கத்தில் பாருங்கள்.