காட்பாடியிலிருந்து கடலுக்கு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பியதும் கடைசி வரி பொய்யாகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது முதல் வரியும் சில நாட்களுக்குப் பொய்யானது. இப்படிப்பட்ட ஊர்க்காரி பாய்மரப் படகைப் பற்றிப் பேச வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் பிறந்தது இதே வேலூரில்தான்.

அந்தச் செய்தியைப் படித்த என் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். அதுவரை ஏலகிரி புங்கனூர் ஏரியில் மிதிபடகு மிதித்ததுதான் எங்கள் குடும்பத்தின் மொத்தக் கடல் அனுபவம். பணக்காரர் விளையாட்டு என்று என் கணவர் தயங்கினார். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன்கூட, சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் தொடங்கினார் என்று சொல்லி அவர் வாயை அடைத்தாள்.

முதலில் போன பாய்மரப் படகுச் சங்கத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, எங்களுக்கு இரண்டு நாற்காலியைக் காட்டினார்கள். மூன்று மணி நேரம் இட்லிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்துப் போன சங்கத்தில் பத்தாவது நிமிடம் ஒரு பெரியவர் வந்தார். “கொடி பிடிக்க ஆள் வேண்டும், வருகிறீர்களா அம்மா?”

பந்தயம் தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது இன்னொன்று: நீலக் கொடி, நடுவில் வெள்ளைச் சதுரம். ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்க வேண்டும். பிறகு முதல் கொடியும் இறங்கினால் புறப்பாடு. அந்த நீலக் கொடிதான் என் பொறுப்பு. முதல் நாளே 20 விநாடி தாமதமாக இறக்கிவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. படகுகளில் இருந்த வாண்டுகள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றே சேர்ந்துவிட்டோம்.

குடும்பத்தோடு சேரச் சங்கம் தேடுகிறீர்கள் என்றால் படகுகளை எண்ணாதீர்கள். கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கூடவே, பயிற்சி நேரம் முழுவதும் மீட்புப் படகு தண்ணீரில் நிற்கிறதா, பிள்ளையின் அளவுக்கு மிதவைச் சட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்களுடையதைப் போட்டால் விழுந்த வேகத்தில் தலைவழியே கழன்றுவிடும்.

சிறுவர்கள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு. நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. மூக்கை அறுத்துவிட்டது போல முன்பக்கம் சப்பையாக இருக்கும். ஆரம்பத்திலேயே அதை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்கிறார்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தால் பாய் மெல்ல நீரைவிட்டு எழும்புகிறது. பிறகு அடி வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்ட வேண்டும். என் மகன் முதல் தடவை அழுதான். மூன்றாவது தடவை, இறங்கி வரவே மறுத்தான்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேற வேண்டும். இது என் தலையில் ஏறவே இல்லை. “ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறினோமே, அதே மாதிரிதான் அம்மா” என்றாள் மகள். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடிக்கட்டை சடாரென்று இந்தப் பக்கம் வரும். தலையைக் குனிந்தே ஆக வேண்டும். என் கணவர் ஒரு தடவை குனிய மறந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் அடித்ததாகத்தான் பேசிக்கொண்டார்களாம்.

எங்களைப் போலக் காட்பாடியில் ரயில் பிடித்து வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, கிளம்பும்போது எப்படியும் யாராவது ஒருவர் மறுபடி விழுவார். போன வாரம் அது நான்தான். நன்றி, வணக்கம்.