சண்டி மாட்டுக்கு எங்கே வலிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாட்டையும், வண்டியில் கட்டினால் பின்னுக்கு நகரும் மாட்டையும் சண்டி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் சந்தையில் வேலைக்கு வாங்க ஆள் வராது. அடுத்து அடிமாட்டு லாரிதான். கொங்குப் பகுதியில் கால்நடை மருத்துவனாக இருந்தவன் நான். சண்டி என்று என்னிடம் பிடித்து வந்த மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பில் எங்கோ ஒரு கோளாறு இருந்தது. மீதி மாடுகளைப் பழக்குகிற காலத்திலேயே யாரோ கெடுத்திருந்தார்கள். பிறவிச் சண்டி என்று ஒரு மாட்டைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். காங்கேயம் காளைக்கன்று சிவப்பாகப் பிறந்து, ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டு, வெள்வேல மர நிழலில் வளரும். ஆள் பழக்கம் குறைவு. அதனால் ஏருக்கும் வண்டிக்கும் முன்னால் அது பழக வேண்டியது மனிதனின் கைக்குத்தான். நல்ல பண்ணைக்காரர்கள் கன்றாக இருக்கும்போதே தினமும் நெற்றியையும் தாடையையும் தடவிவிட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, தலைக்கயிற்றைப் பிடித்து ரோட்டோரம் நடத்திப் பழக்குவார்கள். பஸ் ஹாரன், நாய், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என எல்லாவற்றையும் அது அப்போதே பார்த்துவிட வேண்டும். மூக்கணாங்கயிறு குத்துவது அதற்கப்புறம். குத்திய புண் ஆறுவதற்குள் கயிற்றைச் சுண்டி இழுத்தால், மாடு தன் ஆயுள் முழுக்கத் தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு பல் போட்ட பிறகு, அதாவது இரண்டு, இரண்டரை வயதுக்கு மேல், நுகத்தைக் காட்டலாம். ஜோடிக்கு வேலை தெரிந்த கிழ மாட்டைக் கட்டுவதுதான் வழக்கம். அது நின்றால் இது நிற்கும், அது திரும்பினால் இதுவும் திரும்பும். பழக்குகிறவரின் வேலையில் பாதியை அந்த மாடே பார்த்துவிடும். முதலில் வெறும் நுகம். அப்புறம் ஒரு மரக்கட்டையைச் சங்கிலியில் கட்டி மணலில் இழுக்க விடுவது. அப்புறம் வெற்று வண்டி. பாரம் கடைசியில்தான். ஒவ்வொரு நாளும் மாடு களைத்துப்போவதற்கு முன்பே அவிழ்த்துவிட வேண்டும். ‘என்னால் இழுக்க முடிகிறது’ என்ற தெம்போடு அது கட்டுத்தறிக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரத்திலேயே இழுக்க முடியாத பாரத்தைக் கட்டி அடித்தால், நுகத்தைக் கண்டாலே படுத்துக்கொள்ளலாம் என்பதை நாமே அதற்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். வலத்தையில், அதாவது நுகத்தின் வலப்பக்கத்தில், பழகியதை வலத்தையிலேயே கட்டுங்கள். திரும்பவும் நிற்கவும் வீட்டில் எல்லோரும் ஒரே குரலைக் கொடுங்கள். அப்பா ஒரு விதமாகவும் மகன் வேறு விதமாகவும் கூப்பிட்டால் மாடு என்ன செய்யும்?

சரி, நன்றாகப் பழகிய மாடு திடீரென்று மக்கர் செய்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் கழுத்து. நுகம் உட்காரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து, திமில்வரை அழுத்தித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் புண் தெரியாது. ஆனால் ஒரு இடம் சூடாக இருக்கும், தொட்டதும் தோல் துடிக்கும், மாடு முதுகைத் தாழ்த்தும். அதுதான் கழுத்துப் புண்ணின் ஆரம்பம். அப்போதே சில நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கொடுக்காவிட்டால் வீங்கி, சீழ் பிடித்து, கல் மாதிரி காய்த்துப்போகும். நுகத்தடியில் சிராய் இருந்தாலும், ஜோடி மாடுகள் உயரத்தில் ஒத்துப்போகாவிட்டாலும், மழையில் நனைந்த கழுத்தோடு வேலை வாங்கினாலும் இது வரும். மாதக்கணக்கில் சும்மா நின்ற மாட்டை முதல் உழவன்றே நாள் முழுக்கப் பூட்டினாலும் வரும். நுகத்தைச் சீவி வழவழப்பாக்கி, அடியில் துணியோ தோலோ சுற்ற அரைமணி நேரம் போதும்.

வண்டியில் இன்னொன்று உண்டு, முன்பாரம். இரண்டு சக்கர வண்டியில் மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால், இழுப்பதோடு பாரத்தையும் மாடு கழுத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி, மாட்டை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை அறுக்கும். அனுபவப்பட்ட வண்டிக்காரர் மூட்டை ஏற்றியதும் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழும்பி, லேசாகக் கீழே இறங்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அடுத்தது மூச்சு. காலையில் நன்றாக உழுத மாடு வெயில் ஏறியதும் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது, நிழலைக் கண்டால் நகர மறுக்கிறது என்றால், அதற்குக் கோமாரி வந்து போனதா என்று கேட்பேன். வாய்ப்புண்ணும் கால்புண்ணும் ஆறிவிட்ட பிறகும் சில மாடுகளுக்கு உடல் சூட்டைத் தாங்கும் சக்தி திரும்புவதில்லை. மயிர் நீண்டு வளரும், வெயிலில் மூச்சு வாங்கும். அதைச் சோம்பேறி என்று சாட்டையால் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். 6 மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடும் கோமாரித் தடுப்பூசியைக் கறவை மாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, உழவு மாட்டைப் பின்னால் மறைத்துக் கட்டாதீர்கள்.

கொம்பைப் பலரும் கவனிப்பதில்லை. வயதான காளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கிறது, தலையை ஆட்டுகிறது, கொம்பைத் தொடவிடாமல் விலகுகிறது, ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் கலந்த சளி வருகிறது. இது கொம்புப் புற்றுநோயாக இருக்கலாம். நம் நாட்டு உழவு மாடுகளிடம் அதிகம் காணப்படும் நோய். சீக்கிரம் பார்த்தால் கொம்பை அறுவை செய்து எடுத்துவிட்டு மாட்டைக் காப்பாற்ற வழியிருக்கிறது. கொம்பு ஆடத் தொடங்கிய பிறகு வருகிறவர்களிடம் என்னால் அதிகம் சொல்ல முடிவதில்லை.

குளம்பு பிளந்திருப்பதால் மாட்டுக்குக் காலுக்கு இரண்டாக மொத்தம் 8 லாடம். லாடக்காரர் கயிறு கட்டி மாட்டைப் படுக்கவைத்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிவிட்டு அடிப்பார். ஓர் ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலும் உயிர்ச்சதையில் இறங்கிவிடும். லாடம் அடித்த மறுநாள் மாடு ஒரு காலை ஊன்றத் தயங்கினால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள், அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

குதிரை முரண்டு பிடித்தாலும் இதேதான். பழனி அடிவாரத்து ஜட்கா குதிரைகளையும், ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளையும் பார்த்திருப்பீர்கள். கடிவாளம் போட்டதும் தலையை மேலே எறியும் குதிரைக்கு வாயைத் திறந்து பார்க்க வேண்டும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை. தேயாத ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அரத்தால் ராவிவிட்டால் பல குதிரைகள் சாந்தமாகிவிடும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியைத் திடீரென்று மாற்றினாலோ ஒரே வேளையில் கொள்ளுத் தானியத்தை அள்ளிக் கொட்டினாலோ வயிற்றுவலியில் உயிரே போய்விடும்.

வேலை நேரத்துக்குச் சட்டமும் இருக்கிறது. பார வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. மாட்டைக் குத்தி ஓட்டும், ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை. வாலை முறுக்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். மாட்டின் வாலை மேலிருந்து கீழே உருவிப் பாருங்கள். கணு கணுவாக முடிச்சு தட்டுப்பட்டால், அங்கெல்லாம் எலும்பு ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது.

தீனியைப் பொறுத்தவரை, அவிழ்த்ததும் முதலில் நிழல், அப்புறம் தண்ணீர், மூச்சு சமநிலைக்கு வந்த பிறகு பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ. ராத்திரிக்குச் சோளத்தட்டு நிறைய இருக்கட்டும். படுத்து அசைபோட நேரம் கிடைக்காத மாட்டுக்கு எதைப் போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

சண்டி என்று விற்க முடிவு செய்திருக்கும் மாடு வீட்டில் இருந்தால், சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்னால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டுங்கள். ஓட்டிப்போக முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு, நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள். மருத்துவர் வரும்போது நுகத்தடி, பூட்டாங்கயிறு, மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மாட்டோடு சேர்த்து அவற்றையும் அவர் பார்க்க வேண்டும்.

வணக்கம்.