பன்றிக்கு வைத்த வெடி

வணக்கம். நான் ஆனைகட்டிக்காரன். கோயம்புத்தூரிலிருந்து மலைப்பக்கம் வந்தால் தமிழ்நாடு முடிகிற இடம் எங்கள் ஊர், செக்போஸ்ட்டைத் தாண்டினால் அட்டப்பாடி, கேரளா. 32 வருஷம் வரலாற்று வாத்தியாராக இருந்துவிட்டு இப்போது இரண்டு மாடும் கொஞ்சம் வாழையுமாக இருக்கிறேன். போரில் பொதுமக்கள் மேல் குண்டு போடுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நாலு நாள் யோசித்தேன், கடைசியில் ஒரு மாட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் அவுட்டுக்காய் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடிமருந்தை உருட்டிக் கட்டி, தீனிக்குள் மறைத்து, காட்டுப்பன்றி வரும் தடத்தில் போட்டுவிடுவார்கள், கடித்தால் வெடிக்கும். சில வருஷம் முன்னால் பக்கத்து வீட்டு அக்காவின் செவலைப் பசு, நாலாவது ஈத்து, மேயப் போன இடத்தில் அதைக் கடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினோம். கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. மாடு கத்தவில்லை, கத்துவதற்கு வாய் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கில் ரத்தம் நுரைநுரையாக வந்தது, கண் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் பஞ்சாயத்து. நாலு பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். உருட்டிக் கொடுத்தவன் சொன்னான், "செஞ்சுதான் குடுத்தேன், எங்க வெக்கிறான்னு எனக்கென்ன தெரியும்?" வைத்தவன், "பன்னிக்குத்தான் வெச்சேன், மாடு வரும்னு நெனைக்கல." டார்ச் பிடித்தவன், "கூப்பிட்டான், போனேன்." நாலாவது ஒரு பையன், பதினெட்டு வயசு இருக்கும், என்னிடம் படித்தவன். "தடம் எங்கன்னு கேட்டாங்க, காட்டினேன், அவ்வளவுதான் சார்." நாலு பேரில் ஒருத்தனும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் சொன்னதையும் கூட்டிப் பார்த்தால், அந்த மாட்டை யாருமே ஒன்றும் செய்யவில்லை என்றல்லவா வருகிறது! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கணக்கை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று புரண்டுகொண்டே இருந்தேன்.

வகுப்பில்தான் பார்த்திருக்கிறேன். 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவுக்குக் குண்டு கொண்டுபோன விமானத்துக்கு முன்னாலேயே வானிலை பார்க்க வேறு விமானங்கள் போயின. ஹிரோஷிமா மேல் போனதை ஓட்டியவர் கிளாட் ஈதர்லி. மேகம் குறைவு, முதல் இலக்கிலேயே போடலாம் என்று செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பினார். தடம் காட்டினார், அவ்வளவுதான். குண்டு வெடித்தபோது அவர் அந்த ஊர் மேலேயே இல்லை. ஆனால் போருக்குப் பிறகு அந்த மனுஷன் குலைந்துபோனார், மனநல மருத்துவமனை, சின்னச் சின்னக் குற்றங்கள், சிறை, அப்புறம் குந்தர் ஆண்டர்ஸ் என்கிற தத்துவ அறிஞரோடு நீண்ட கடிதப் போக்குவரத்து. தன் பங்கைப் பெரிதுபடுத்திக்கொண்டார் என்று அவரைக் குறை சொல்லி எழுதியவர்களும் உண்டு, இருக்கட்டும். குண்டு போட்ட விமானத்தை ஓட்டிய பால் டிப்பெட்ஸ் 2007இல் 92 வயதில் இறக்கும்வரை வருந்தவில்லை என்றே சொல்லிவந்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஈதர்லிதான் நெருக்கமாகத் தெரிகிறார்.

அணுகுண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் டோக்கியோ மறந்துபோகிறது. அதே வருஷம் மார்ச் 9 ராத்திரி, முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அமெரிக்க விமானங்கள், வழக்கத்தைவிடத் தாழப் பறந்து, மர வீடுகள் நெருங்கியிருந்த பகுதியில் தீக்குண்டு கொட்டின. விடிவதற்குள் சுமார் 1 லட்சம் பேர் செத்தார்கள், 10 லட்சம் பேருக்கு வீடு இல்லை. மனித உடல் எரிகிற நாற்றம் விமானத்துக்குள்ளேயே வந்தது என்று அதில் போனவர்களே சொல்லியிருக்கிறார்கள். மேலே இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது என்று நாம் சொல்லும் சமாதானம் அங்கே செல்லாது. அந்தத் தாக்குதலுக்கு உத்தரவிட்ட தளபதி கர்ட்டிஸ் லெமே. அவருக்குக் கீழே புள்ளிவிவரக் கணக்குப் பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் மெக்னமாரா, பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். நாம் தோற்றிருந்தால் போர்க் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டிருப்போம் என்று லெமே சொன்னதை வயதான காலத்தில் மெக்னமாராவே வெளியே சொன்னார்.

"அப்படிப் போட்டதால்தானே சார் சண்டை சீக்கிரம் முடிந்தது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை சிப்பாய்கள் செத்திருப்பார்கள்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு மாணவன் கேட்பான். நல்ல கேள்விதான், நானும் ரொம்ப நாள் அதற்கு மழுப்பிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். டோக்கியோ எரிந்தது மார்ச்சில், ஜப்பான் பணிந்தது ஆகஸ்டில், நடுவில் ஐந்து மாதம் ஊர் ஊராக எரித்தார்கள். அதைவிட முக்கியம், சிப்பாயின் உயிருக்கு ஈடாகத் தொட்டில் குழந்தையின் உயிரை எடுத்துக்கொள் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம்மிடம் வேறு மாதிரி என்று நினைப்போம். பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளை பெறாதவர்களும் அரணுக்குப் போய்விடுங்கள், எங்கள் அம்பை விடப்போகிறோம் என்று அறிவித்த பாண்டியனைப் பாடுகிறது புறநானூற்றின் 9ஆம் பாட்டு. மேடைக்கு மேடை அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், நானும் பாடியிருக்கிறேன். ஆனால் இரண்டு பாட்டு முன்னால், 7ஆம் பாட்டில், பகைவர் ஊரைச் சுட்ட வெளிச்சத்தில், அழுகுரலுக்கு நடுவே கொள்ளை கொள்கிறான் கரிகாலன், பகலென்றும் பார்க்காமல் இரவென்றும் பார்க்காமல். பகைவர் நாட்டைக் கொளுத்துவதற்கு எரிபரந்தெடுத்தல் என்று பெயரே வைத்திருக்கிறது தொல்காப்பியம். இரண்டும் நம்முடையதுதான். முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை மறைத்தால் பிள்ளைகளை ஏமாற்றுகிறோம்.

முன்னறிவிப்பு கொடுத்துவிட்டால் பாவம் கழிந்துவிடுமா என்பதும் எனக்குச் சந்தேகம். 1945 ஜூலைக் கடைசியில் ஜப்பானிய நகரங்கள் மேல் துண்டுச் சீட்டு போட்டார்கள், ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று. படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவியை யார் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இலங்கையில் 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, கோயிலைவிடப் பத்திரமான இடம் என்று அவர்கள் வேறு எங்கே போயிருப்பார்கள்?

"பன்னிக்குத்தான் வெச்சேன்" என்பதற்கு வருகிறேன். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், எங்களுக்கு அந்தப் பக்கம், வெடி கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது, நாடே அழுதது. கடிப்பது எது என்று வெடிக்குத் தெரியாது. தெரியாது என்பது வைத்தவனுக்குத் தெரியும். சிப்பாயையும் சாமானியனையும் பிரித்துப் பார்க்காமல் தாக்கக் கூடாது என்று 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்த்த முதல் நெறிமுறை சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். இந்தியா அதில் இன்னும் சேரவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். மேலிடத்து உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது என்று, போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னார்கள், ஆனால் நகரங்கள் மேல் குண்டு போட்டதற்காக அங்கே யாரையும் தண்டிக்கவில்லை. இரண்டு தரப்புமே அதைச் செய்திருந்தது.

பொறுப்பு என்பது சீட்டுப் பணம் மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று பிரிகிற சங்கதி இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தண்டனையைப் பிரிக்கலாம், கூடக் குறையக் கொடுக்கலாம். பொறுப்பு, உருட்டியவனுக்கும் முழுசு, தடம் காட்டியவனுக்கும் முழுசு. நான் ஒருத்தன் விலகினால் நின்றுவிடவா போகிறது என்பார்கள். ஜோசப் ராட்பிளாட் என்ற போலந்து விஞ்ஞானி அணுகுண்டு ஆராய்ச்சியில் இருந்தவர், மனைவியை நாஜிகளிடம் பறிகொடுத்தவர், பழிவாங்க அவரைவிட யாருக்குக் காரணம் உண்டு? ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெளிவானதும் 1944 கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போனதால் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை, அது அவருக்கும் தெரிந்திருக்கும். 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது, அதற்குள் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

இன்றைக்கு எந்த நாட்டில் குண்டு விழுந்தாலும் அரை மணி நேரத்தில் வீடியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது, கீழே கைதட்டுகிற பொம்மை பத்து. யார் போட்டார்கள், யார் மேல் விழுந்தது என்று கேட்காமல் அதை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். அந்தப் புகைக்கு அடியில் யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்படி இருக்கிறது.

சரி, அந்த மாட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். மாட்டு டாக்டர் பிழைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அந்தப் பையன், தடம் காட்டியவன், ஒரு தூக்குப்போசி கஞ்சியோடு வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. மூங்கில் குழாயைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான், பாதி வெளியே வழிந்தது, துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினான். ஆறு நாள் வந்தான். ஏழாம் நாள் மாடு செத்தது, குழி வெட்டவும் அவன்தான் வந்தான். அக்கா அத்தனை நாளும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழி மூடி முடித்ததும் அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.