பாக்கி வசூலித்த விமர்சகன்

நேயர்களுக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்கூட வாத்தியாரை ‘மாஷே’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளில் இந்த மாஷுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கோயம்புத்தூரில் அச்சான ஒரு பத்திரிகைக்கு வாரம் ஒரு சினிமா விமர்சனம் எழுதினேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். என் கடைசிப் பத்தியை அவர்கள் எத்தனை முறை வெட்டினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதற்கே போய்விடும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் பிடிப்பேன். தமிழ்ப் படம் என்றால் கோவை அல்லது பொள்ளாச்சி, மலையாளப் படம் என்றால் பாலக்காடு. எங்கள் ஊர்க் கொட்டகைக்குப் படப்பெட்டி வருவதற்குள் பாட்டெல்லாம் பழசாகிவிடும். ராத்திரியே எழுதி, விடிந்ததும் கோவை பஸ் கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்துவிடுவேன். ஆனந்த விகடன் மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதிய காலம் அது. ‘16 வயதினிலே’வுக்கு அவர்கள் போட்ட 62.5ஐ நான் வகுப்பில் பையன்களிடமே சொல்லியிருக்கிறேன். எங்கள் பத்திரிகையில் மார்க் போட அனுமதி இல்லை. வாத்தியாருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மொழிப் படத்தையும் சுடச்சுடப் பார்க்கிறவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மெட்ராஸில் இருக்கிற விமர்சகருக்கு இது கிடைக்குமா? ஆனால் அந்த வசதியாலேயே நான் பல படங்களைக் கோணலாகப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.

1994இல் மோகன்லாலை வைத்துப் பிரியதர்ஷன் எடுத்த மலையாளப் படம் ‘தேன்மாவின் கொம்பத்து’ வந்தது. கே. வி. ஆனந்துக்கு ஒளிப்பதிவாளராக முதல் படம், அதற்கே தேசிய விருது. நான் மூன்று தடவை பார்த்தேன். மறு வருடம் தீபாவளிக்கு அதே கதை கே. எஸ். ரவிகுமார் இயக்கத்தில் ‘முத்து’ ஆனது. வேலைக்காரன்தான் உண்மையான ஜமீன் வாரிசு என்று ஒரு பிளாஷ்பேக், அதில் அப்பாவாகவும் ரஜினி. ‘மலையாளத்தில் இந்தக் கதை அணிலாக ஓடியது, தமிழில் அதன் முதுகில் ஓர் அரண்மனையைக் கட்டிவிட்டார்கள்’ என்று எழுதினேன். அந்த வரி வெட்டுப்படாமல் வந்தது. ஒரு வாரம் சட்டைப் பையில் அந்தக் கத்தரிப்போடுதான் திரிந்தேன்.

எங்கள் ஊர்க் கொட்டகை ஆபரேட்டருக்கு நான் எழுதியது ஒன்று விடாமல் தெரியும். டீக்கடையில் வைத்துக் கேட்டார்: “மாஷே, நீங்க படம் பார்க்கப் போறீங்களா, இல்ல அந்தப் படத்துக்கு இந்தப் படம் என்ன பாக்கி வெச்சிருக்குன்னு வசூல் பண்ணப் போறீங்களா?”

சிரித்து மழுப்பிவிட்டேன். அப்புறம் பெட்டி எங்கள் ஊருக்கு வந்தபோது மறுபடி போனேன். ‘முத்து’வில் ரஜினி மொழி தெரியாத கேரளத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஞாபகம் இருக்கும். வழி கேட்பதாக நினைத்துக்கொண்டு மலையாளத்தில் முத்தம் கேட்பார். மூலப் படத்தில் அந்த வேற்று மொழி கன்னடம். கோவையில் பார்த்தபோது, விஷயம் புரிந்த பிறகுதான் தியேட்டர் சிரித்தது. எங்கள் ஊரில் அப்படி இல்லை. ‘உம்ம’ என்றால் என்னவென்று தெரியாத குழந்தை எங்கள் ஊரில் கிடையாதே! மீனா சொல்லிக்கொடுக்கும்போதே கொட்டகை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ரஜினி அதை நம்பி நடந்து போகிற தூரம் முழுக்க, ‘ஐயோ, போகாதே’ என்று தரை டிக்கெட்டில் ஒரே கூச்சல். சூப்பர் ஸ்டாருக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் ஒரு தனி சந்தோஷம். இந்தப் படத்தை இந்தியாவிலேயே எங்களைப் போன்ற எல்லைக்காரர்கள்தான் முழுசாக ரசித்திருக்க முடியும். என் விமர்சனத்தில் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் அணிலைத் தேடிக்கொண்டிருந்தேன். 1998இல் டோக்கியோவில் ‘முத்து’வுக்குக் கூட்டம் கூடியது. அவர்களில் எத்தனை பேர் மோகன்லால் படத்தைப் பார்த்திருப்பார்கள்? பாக்கிக் கணக்கு தெரியாத புண்ணியவான்கள்.

ஆனால் அரண்மனை விஷயத்தில் நான் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன். பிளாஷ்பேக் நீளம்தான்.

1997இல் இந்தப் புத்தி உச்சத்துக்குப் போனது. ஃபாசில் ‘அனியத்திப்பிராவு’ எடுத்தார். அதே வருடக் கடைசியில் தமிழில் ‘காதலுக்கு மரியாதை’. இயக்குநர் அவரேதான், ஷாலினியும் அதே ஷாலினிதான், அம்மாக்களாக ஸ்ரீவித்யாவும் கே.பி.ஏ.சி. லலிதாவும்கூட அதே ஆட்கள். நாயகன் குஞ்சாக்கோ போபனிலிருந்து விஜய்க்கு மாறினார், இசை அவுசேப்பச்சனிடமிருந்து இளையராஜாவுக்கு வந்தது. ‘ஜெராக்ஸ் கடையில் இதைவிடச் சீக்கிரம் வேலை முடியும்’ என்று எழுதினேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

எதைக் கவனிக்கவில்லை தெரியுமா? ஓடிப்போன ஜோடி, பெற்றவர்களை நினைத்து வீடு திரும்புகிறது. அரிவாள் எடுத்துக்கொண்டு நின்றவர்களின் வீட்டுக்கே பெண் போகிறாள். மலையாளத்தில் அது குடும்பக் கதையாகப் போய்விட்டது. தமிழில் காதல் என்றால் கடைசி ரீலில் ரத்தம் என்று பழகிய கண்ணுக்கு, இரண்டு அம்மாக்கள் பேசித் தீர்க்கிற முடிவு புதுசு. பொள்ளாச்சியில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே காட்சி ஆள் மாறினால் வேறு காட்சி என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

‘தேவர் மகன்’ வேறு கதை. அதற்கு மலையாள மூலம் எதுவும் இல்லை, அதனால் என் தராசு அங்கே வேலை செய்யவில்லை, நல்ல விமர்சனமாகவே வந்தது. 1992. எழுத்து கமல், இயக்கம் பரதன், அவர் கேரளத்து வடக்காஞ்சேரிக்காரர். ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராம். படப்பிடிப்பு எங்களுக்குப் பக்கத்தில், பொள்ளாச்சி வட்டாரத்தில். பாடத் தெரியாத புதுப்பெண்ணாக ரேவதி, புருஷன் கேட்டதற்காகத் தயங்கித் தயங்கிப் பாடும் இடத்தைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது அறிவித்தபோது எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. வன்முறையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வை என்று சொல்கிற படம், ஒரு சாதியைப் போற்றும் பாட்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. படம் சொன்னதை மறந்துவிட்டு அந்தப் பாட்டை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்ட ஊர்கள் பல. நான் அதைப் பற்றி எழுதவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

‘இருவர்’ பிடித்தது, தியேட்டரில் ஆள் இல்லை. ‘சேது’ ஒரு காட்சி இரண்டு காட்சி என்று ஆரம்பித்து வாய்மொழியிலேயே ஓடியது, விமர்சகர்கள் யாரும் அதற்குத் தேவைப்படவில்லை. சரி, இவை போகட்டும். எனக்கு இன்னும் விளங்காத ஒரு படம் இருக்கிறது.

1993 டிசம்பரில் ‘மணிச்சித்திரத்தாழ்’. இதுவும் ஃபாசில். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். பாலக்காட்டில் நிரம்பி வழிந்த அரங்கம். கங்கா என்ற பெண், அந்த வீட்டில் கொல்லப்பட்ட தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியாக மாறுகிறாள். மாறியதும் தமிழ் பேசுகிறாள். கங்காவின் குரல் பாக்கியலட்சுமி, நாகவல்லியின் குரல் துர்கா என்ற தமிழ்க் கலைஞர். கடைசி ஆட்டத்துக்கான பாட்டில் தமிழ் வரிகள் வாலி எழுதியவை. படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனையையே பாருங்கள், இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. இப்படி எல்லை குழம்பிய படம் அது.

எனக்குக் கோபம் வந்தது. ‘தமிழ்ப் பெண் என்றால் பேயாகத்தான் வரவேண்டுமா?’ என்று தலைப்பே போட்டேன். ஆபரேட்டர் விடுவாரா? “மலையாளப் படத்துல நம்ம பாஷை பேச ஒரு பேயாவது வந்துச்சே, வரட்டும் மாஷே!”

எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்தக் காட்சி ஓடியபோது நடந்ததை நான் எழுதியிருக்க வேண்டும். அதுவரை இரண்டாம் மொழியில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள். ஷோபனா கண்ணை உருட்டித் தமிழில் பேச ஆரம்பித்ததும் பயப்படுவதற்குப் பதில் விசில் அடித்தார்கள். பாலக்காட்டில் மிரண்டு உட்கார்ந்திருந்த அதே காட்சி. இங்கே சொந்தக்காரி வந்த மாதிரி வரவேற்பு.

2005இல் அது தமிழுக்கு ‘சந்திரமுகி’யாக வந்தது. அப்போது நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் என்ன மர்மம் இருக்கிறது? அதனால் நாட்டியக்காரி ஆந்திரத்துக்குப் போய்விட்டாள், பாட்டு தெலுங்கில். ஜோதிகா ஆடியபோது எங்கள் கொட்டகையில் ஒரு விசில் இல்லை. எல்லோரும் முறையாகப் பயந்தார்கள். படம் விட்டு வெளியே வந்தால் ஆபரேட்டர் மாடிப்படியில் நிற்கிறார்.

“இந்தப் பேயும் சித்தூரா இருக்கும் மாஷே,” என்றார். “நம்ம சித்தூர் இல்ல. தெலுங்குச் சித்தூர்.”